கோவா நாற்றைத் தின்றது யார்?
வீட்டுத் தோட்டத்தில் ஓடில்லா நத்தையைக் கட்டுப்படுத்தல்

ஹற்றனுக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்தில், மண்சரிவு அபாயத்தால் லயங்களை விட்டு எழும்பிய குடும்பங்களுக்குப் புதிய வீடுகள் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மேற்கணக்கிலிருந்து சில குடும்பங்கள், கீழ்க்கணக்கிலிருந்து சில குடும்பங்கள். வீடுகள் அடுத்தடுத்து இருந்தாலும் ஆட்கள் இன்னும் பழகி முடியவில்லை. ஒரு நாள் காலை நான் அங்கு போனபோது ஒரு தாய் வழியில் மறித்தார்.

"சாமி, இந்தப் பக்கத்து வீட்டுக் கோழிக்கு ஒரு முடிவு சொல்லிட்டுப் போங்க."

டவுனிலிருந்து காசு கொடுத்து வாங்கி வந்த நாற்பது கோவா நாற்றுகளை அவர் நட்டிருந்தார். நான்காம் நாள் பதினொன்றுதான் மிச்சம். பக்கத்து வீட்டார் வேறு கணக்கிலிருந்து வந்தவர்கள். அவர்களிடம் நான்கு கோழிகள் இருந்தன. இரண்டு வீட்டாரும் அதற்குள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

நாற்று எந்த நேரத்தில் காணாமல் போகிறது என்று கேட்டேன். "விடிஞ்சு பார்த்தா இல்ல சாமி" என்றார். கோழி எத்தனை மணிக்குக் கூட்டுக்குள் போகிறது என்று மற்ற வீட்டாரிடம் கேட்டேன். ஆறு மணிக்கு முன்பே அடைத்துவிடுவார்களாம். இரவில் கோழி மேயுமா என்று கேட்டதும் இரண்டு பக்கமும் பதில் இல்லை. அன்று அங்கேயே தங்கினேன். இரவு எட்டரை மணிக்கு டோர்ச் லைட்டுடன் இரண்டு வீட்டாரையும் அழைத்துக்கொண்டு பாத்திக்குப் போனோம். மிஞ்சியிருந்த பதினொரு நாற்றுகளில் ஒன்பதில், சுண்டுவிரல் அளவில் சாம்பல் நிறமான வழுவழுத்த நத்தைகள் ஒட்டிக்கொண்டு தின்றுகொண்டிருந்தன.

இந்தப் பாடம் அந்த இரவில் தொடங்கியது. நத்தைக்கு மருந்து என்ன என்று பலர் கேட்கிறார்கள். மருந்தைவிட முக்கியமான கேள்வி, அது பகலில் எங்கே படுத்திருக்கிறது என்பதுதான். அதைக் கண்டுபிடித்த குடும்பம் காசு செலவில்லாமலே பாதி வேலையை முடித்துவிடும்.

ஐந்து பேர்ச் நிலத்தின் பெறுமதி

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தப்பியவர்கள் புதிய வீட்டுக்காக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் ஒரே இரவில் இருந்த இடத்தை இழந்தன. இப்படி இடம்பெயர்ந்தவர்கள் புதிய இடத்தில் முதலில் செய்வது, வீட்டோரம் ஒரு பாத்தி கட்டி இரண்டு கீரை போடுவதுதான். இதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

தோட்டங்களில் தனி வீட்டுத் திட்டங்களில் பொதுவாக ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பது 7 பேர்ச் நிலம். 550 சதுர அடி வீடு அதில் இரண்டு பேர்ச்சைப் பிடித்துவிடும். மிஞ்சும் ஐந்தில் பாதை, மலசலகூடக் குழி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் போக, பயிருக்குக் கிடைப்பது மூன்று நான்கு பேர்ச்தான். மண்ணும் புல்டோசர் வெட்டிய அடிமண், சத்தில்லாதது. அந்த மண்ணில் குப்பை போட்டு, சாணம் சுமந்து போட்டு முதல் பயிரை எழுப்புவது பெரும் பாடு. அந்த முதல் பயிர் நத்தைக்குப் போனால் இரண்டாம் முறை விதை வாங்குபவர் குறைவு. பாத்தி புல்லேறிப்போகும். பிள்ளைகளின் தட்டில் ரொட்டியும் சம்பலும் மட்டுமே மிஞ்சும். நத்தை சிறிய பிராணிதான். ஆனால் அதைச் சிறிய காரியமாக நான் எண்ணவில்லை.

குற்றவாளியை அடையாளம் காணுங்கள்

முதலில் தின்றது நத்தைதானா என்று தீர்மானிக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தாயைப் போல நாமும் கோழியோடு சண்டை பிடிப்போம்.

நத்தை இலையின் நடுவிலும் ஓரத்திலும் ஒழுங்கில்லாத ஓட்டைகளைப் போடும். இளம் நாற்றென்றால் முழுவதையும் தின்று, ஈர்க்குப் போல ஒரு தண்டை மட்டும் விட்டு வைக்கும். காலையில் வெயில் படும்போது இலையிலும் மண்ணிலும் வெள்ளிக் கோடு போல ஒரு பளபளப்புத் தெரியும். அது நத்தை ஊர்ந்து போன பாதையில் காய்ந்த சளி. இந்தக் கோடு இருந்தால் சந்தேகமே வேண்டாம். நாற்று அடியோடு அறுபட்டுச் சாய்ந்து கிடந்தால் அது பெரும்பாலும் வெட்டுப்புழுவின் வேலை. தண்டின் அடியில் ஓர் அங்குலம் மண்ணைக் கிளறினால் சுருண்ட புழுவைப் பிடிக்கலாம். இலையில் ஓட்டையோடு பச்சை நிறக் கழிவு உருண்டைகள் கிடந்தால் கம்பளிப்புழுவோ வேறு புழுவோ இலையின் அடியில் இருக்கும். கோழியோ, கிளறிப் போட்ட மண்ணையும் கொத்திய காயத்தையும் விட்டுத்தான் போகும்.

கரட்டிலும் உருளைக்கிழங்கிலும் சேதம் மேலே தெரியாது. சில வகை நத்தைகள் மண்ணுக்குள் இறங்கிக் கிழங்கைத் துளைக்கும். கிண்டும்போதுதான் ஓட்டையைக் காண்போம்.

இது எப்படிப்பட்ட பிராணி?

மலைநாட்டு மரக்கறிப் பாத்திகளில் அதிகம் காண்பது, ஒன்றரை இரண்டு அங்குல நீளமான சாம்பல் நிற நத்தை. குச்சியால் தொட்டால் பால் போல வெள்ளைச் சளி விடும். இது நம் நாட்டுப் பிராணியல்ல, ஐரோப்பாவிலிருந்து வந்தது. சாமுவேல் பேக்கர் 1848 அளவில் நுவரெலியாவில் ஆங்கிலேயப் பாணியில் ஒரு பண்ணை தொடங்கினார். அவரைப் போன்றவர்களும் அவர்களுக்குப் பின் வந்த துரைமாரும் செடிகளையும் நாற்றுகளையும் மண்ணோடு கொண்டு வந்தார்கள். அப்படி வரும் மண்ணில் முட்டை ஒளிந்து வருவது மிகச் சுலபம். நுவரெலியாவில் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவுதான். அந்தப் பிராணிக்கு அது பிறந்த ஊரைப் போலவே இருந்திருக்கும்.

நம் நாட்டுக்கே உரிய நத்தைகள் வேறு. இலங்கையில் ஏறத்தாழ 250 வகைத் தரை நத்தைகள் உண்டு. அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவை பெரும்பாலும் காட்டில் உதிர்ந்த இலைகளுக்கிடையே வாழ்பவை. ஆகவே காட்டோரத்தில் ஓடுள்ள நத்தையைக் கண்டால் நசுக்க வேண்டாம். நாட்டுக்கே உரிய காட்டு நத்தை பெரும்பாலும் நம் பாத்திக்கு வருவதில்லை.

ஓடில்லா நத்தையின் உடம்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதைக் காக்க ஓடு இல்லை. வெயிலும் காற்றும் பட்டால் காய்ந்து சாகும். ஆகவேதான் பகல் முழுவதும் ஈரமான, இருட்டான இடத்தில் பதுங்கி, இரவில் வெளியே வருகிறது. மழை தூறும் நாளிலும் மூடுபனி இறங்கும் நாளிலும் பகலிலேயே வரும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேல் பருவ மழை அடிக்கும் ஹற்றன், நோர்வூட், மஸ்கெலியா பக்கங்களில் அதற்குக் கொண்டாட்டம். இராகலை, உடப்புசல்லாவை பக்கங்களில் மார்கழி, தை மழையில் பெருகும். நாக்கில் ஆயிரக்கணக்கான நுண்ணிய பற்கள் உண்டு. அரம் போல இலையை அராவித் தின்னும்.

இதில் ஆண், பெண் என்று தனித்தனி இல்லை. ஒவ்வொன்றும் இரண்டுமாக இருக்கிறது; ஆகவே ஒவ்வொன்றும் முட்டையிடும். நத்தை வயிற்றிலும் முத்துப் பிறக்கும் என்று நம் பெரியோர் சொல்வார்கள். இந்த நத்தையின் வயிற்றில் பிறப்பது சவ்வரிசி போன்ற முட்டைகள். கல்லுக்கு அடியிலும் மண் வெடிப்பிலும் பத்து இருபதாகக் குவித்து வைக்கும். வாழ்நாளில் சில நூறு இடக்கூடியது. நம் குளிரில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் அவை பொரிக்கும். இந்த ஒரு மாதக் கணக்கை மனதில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

பகலில் படுக்கும் இடம்

புதிய வீட்டு வளவுகளில் நத்தை அதிகம் இருப்பதற்குக் காரணம் உண்டு. வீடு கட்டி மிஞ்சிய பலகை, உடைந்த கல், தகரம், நனைந்து இறுகிய சீமெந்துப் பை எல்லாம் சுவரோரம் குவிந்து கிடக்கும். கான் ஓரங்களில் புல் முழங்கால் உயரம் நிற்கும். பாத்திக்குப் பக்கத்திலேயே சாணக் குவியல் இருக்கும். இவையெல்லாம் நத்தைக்கு நாம் கட்டிக் கொடுத்த லயங்கள்.

ஒரு நாள் காலையில், வெயில் ஏறுமுன், உங்கள் வளவில் கிடக்கும் ஒவ்வொரு பலகையையும் கல்லையும் புரட்டிப் பாருங்கள். எங்கே அதிகம் என்பது அப்போதே தெரியும். தேவையில்லாத பொருட்களைப் பாத்தியிலிருந்து அப்புறப்படுத்தி, தரையில் படாமல் இரண்டு கட்டையின் மேல் அடுக்குங்கள். கான் ஓரப் புல்லை வெட்டுங்கள். பாத்தியைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு மண் வெறுமையாக இருக்கட்டும். ஒரு எச்சரிக்கை: சரிவான நிலத்தில் மண்ணைப் பிடித்து நிற்கும் புல்லை வேரோடு பிடுங்காதீர்கள். நத்தைக்குப் பயந்து மண்சரிவை அழைக்கக் கூடாது. அரிவாளால் மட்டமாக வெட்டினால் போதும்.

பாத்திக்கு மூடாக்குப் போடும்படி நாமே முன்பு சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அது நல்ல வழக்கம்தான். ஆனால் நாற்று இளசாக இருக்கும் முதல் மூன்று வாரம், மழைக்காலத்தில், தண்டைச் சுற்றி மூடாக்கு வேண்டாம். செடி தேறிய பின் போடுங்கள்.

தண்ணீர் ஊற்றும் நேரம் இன்னொன்று. வேலை முடிந்து வந்து மாலை ஐந்து, ஆறு மணிக்குத்தான் நம்மவர்கள் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இரவில் ஈரமான பாத்தி நத்தைக்கு விரித்த பாய். சுவிட்சர்லாந்தில் சலாதுப் பாத்திகளில் இதைச் சோதித்து 1998 இல் முடிவை வெளியிட்டார்கள். காலையில் தண்ணீர் விட்ட பாத்திகளில் சேதம், மாலையில் விட்டவற்றைவிட மிகக் குறைவாக இருந்தது. கொழுந்து மலைக்குப் போகும் அவசரத்தில் காலையில் நேரம் ஏது என்று கேட்பீர்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு வாளி ஊற்றிவிட்டுப் போகலாம். மாலைக்கென்று தள்ளி வைக்க வேண்டாம்.

சாக்குப் பொறியும் இரவு வேட்டையும்

நத்தைக்கு ஒளிய இடம் வேண்டும். ஆகவே ஒளிய ஓர் இடத்தை நாமே வைத்துப் பிடிப்பதுதான் மிகச் சிறந்த வழி. பழைய சணல் சாக்கை நனைத்து நான்காக மடித்து, மாலையில் பாத்தி ஓரத்தில் விரியுங்கள். அடியில் கோவாவின் வெளி இலைகளையோ பூசணித் தோலையோ வையுங்கள். சாக்கு இல்லாவிட்டால் பலகைத் துண்டும் போதும். தரையோடு ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளி இருக்க ஒரு சிறு கல்லை அண்டை கொடுங்கள். காலையில் வேலைக்குப் போகுமுன் புரட்டினால் கூட்டமாக இருக்கும். முக்கியமானது, ஒவ்வொரு நாளும் புரட்டுவது. சாக்கைப் போட்டுவிட்டு மறந்தால் நத்தைக்கு இன்னொரு வீடு கட்டிக் கொடுத்தவர்களாவோம். பார்த்துக்கொண்டே இருந்தும் இதை மறந்த வீடுகள் உண்டு. அவற்றில் சேதம் கூடியது.

இரவு வேட்டையை இருட்டி ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் கழித்துத் தொடங்குங்கள். மழை விட்ட, காற்றில்லாத இரவு நல்லது. ஒரு டோர்ச், ஒரு பழைய பால்மா டின், கவ்வாத்து மலையிலிருந்து கொண்டு வந்த இரண்டு மிலாறுக் குச்சி. வெறும் கையால் தொட வேண்டாம்; குச்சியால் இடுக்கி எடுங்கள், அல்லது கையில் ஒரு சொப்பிங் பையை மாட்டிக்கொள்ளுங்கள். டின்னில் கொதிநீரோ, நன்றாக உப்புக் கரைத்த நீரோ இருக்கட்டும். வெறும் தண்ணீரில் போட்டால் ஏறி வந்துவிடும். செத்தவற்றை ஓர் அடி ஆழத்தில் புதையுங்கள். உப்புத் தண்ணீரைப் பாத்தியில் கொட்டாதீர்கள். தேயிலை மலை ஓரத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். சிறுத்தை நடமாடும் மலைகள் நம்முடையவை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாள் முழுவதும் கூடையைச் சுமந்து கொழுந்தெடுத்து, வந்து சமைத்து, பாத்திரம் கழுவிய பெண்ணின் கையிலேயே டோர்ச்சையும் கொடுக்காதீர்கள். இது ஆண்கள் செய்யக்கூடிய, செய்ய வேண்டிய வேலை.

நான் மேலே சொன்ன குடியிருப்பில் அந்த இரவுக்குப் பிறகு பத்து வீட்டார் பேசி, ஒரே வாரத்தில் ஏழு இரவும் ஒரே நேரத்தில் இறங்கினார்கள். அது ஏன் தேவைப்பட்டது? ஒரு வீட்டார் மட்டும் பிடித்தால் அடுத்த வளவிலிருந்து நத்தை வரும். வேலி அதற்குத் தடையல்ல. முதல் இரவில் ஒவ்வொரு வீட்டிலும் டின் நிரம்பியது. ஏழாம் இரவில் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு நிறுத்திவிட்டார்கள், ஒரு மாதம் கழித்துப் பாத்தி நிறையக் குஞ்சு நத்தைகள். முதல் வாரத்தில் நாம் பிடித்தவை இட்டு வைத்த முட்டைகள் பொரித்துவிட்டன! நான்காம், ஐந்தாம் வாரங்களில் மறுபடி இறங்க வேண்டும் என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டோம். கோழி வைத்திருந்த வீட்டாரும் அந்தத் தாயும் இரண்டாம் தடவை ஒரே டோர்ச்சில் போனார்கள். ஒரு வீட்டு டோர்ச்சில் பற்றரி தீர்ந்துபோனதுதான் காரணம் என்று எனக்குச் சொன்னார்கள்.

நாற்றைக் காப்பது

தேறிய கோவாவில் நாலு ஓட்டை விழுந்தால் நட்டமில்லை. ஆபத்து இளம் நாற்றுக்குத்தான். ஆகவே நாற்றைத் தரையில் வளர்க்காமல், நான்கு கால் பலகையில் தட்டுகளிலோ பழைய டின்களிலோ வளர்த்தெடுங்கள். பலகையின் ஒவ்வொரு காலையும் சவர்க்கார நீர் நிரப்பிய மீன் டின்னில் நிறுத்தினால் நத்தை ஏறாது. ஐந்தாறு இலை வந்து தண்டு முற்றிய பின் நடுங்கள். விதையை நேரே போடும் கரட்டுக்கும் முள்ளங்கிக்கும் இந்த வழி இல்லை. அவற்றுக்கு முளைக்கும் இரண்டு வாரமும் இரவுக் காவல்தான். வெங்காயம், லீக்ஸ், உள்ளி ஆகியவற்றை நத்தை அவ்வளவாக விரும்பாது. நத்தை மிகுந்த பாத்தியில் முதல் போகத்துக்கு லீக்ஸ் போட்டுப் பாருங்கள்.

சாம்பல், உப்பு, முட்டை ஓடு

அடுப்புச் சாம்பலைச் செடியைச் சுற்றிப் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. காய்ந்த சாம்பல் தடுக்கும். ஒரு தூறல் விழுந்தால் பயனில்லை. நம் ஊரில் தூறல் விழாத நாளைத் தேட வேண்டும். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுங்கள் என்று நானும் முன்பு சொல்லியிருக்கிறேன். இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் முட்டை ஓடு, கூர்மணல், செப்புப் பட்டி, மரப்பட்டை, கம்பளி உருண்டை ஆகிய ஐந்தையும் சோதித்து 2018 இல் முடிவைச் சொன்னது. ஒன்றும் போடாத செடிக்கும் இவை போட்ட செடிக்கும் சேதத்தில் வித்தியாசம் காணவில்லை. ஆகவே முட்டை ஓட்டை உரக் குழியில் போடுங்கள்.

உப்பைப் பற்றி என் சொந்த அனுபவம் உண்டு. குருத்துவம் பெற்ற புதிதில், பங்கு வீட்டுப் பின்புறத்தில் சலாதுப் பாத்தி போட்டேன். நத்தை வந்தது. புத்திசாலித்தனமாக இரண்டு பொதி உப்பை வாங்கி வரிசை வரிசையாகத் தூவினேன். நத்தை செத்தது, சலாதும் கருகியது. அந்த மூலையில் நீண்ட நாள் எதுவும் சரியாக முளைக்கவில்லை. சமையல் செய்த அக்கா, "சாமி கடலையே கொண்டாந்து கொட்டிட்டார்" என்று வருபவர்களுக்கெல்லாம் சொன்னார். உப்பு டின்னுக்குள் மட்டும் இருக்கட்டும்.

பியர், தேத்தூள், தேயிலை விதை

பியரைக் கிண்ணத்தில் வைத்தால் நத்தை விழுந்து சாகும் என்பது உண்மை. தோட்டத்தில் குடியை ஒழிக்கப் பாடுபடும் நான் அதை வாங்கச் சொல்ல மாட்டேன், விலையும் கட்டுபடியாகாது. நத்தையை இழுப்பது சாராயமல்ல, புளிக்கும் மணம்தான். ஒரு பிடி கோதுமை மா, ஒரு தேக்கரண்டி சீனி, ஒரு தேக்கரண்டி ஈஸ்ட், இரண்டு கோப்பை தண்ணீர் கலந்தால் அதே வேலை நடக்கும். மீன் டின்னை மண்ணில் புதைத்து ஊற்றுங்கள். விளிம்பு மண்ணுக்கு மேல் ஒரு விரல் உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நத்தையைத் தின்னும் நல்ல வண்டுகளும் விழுந்து சாகும். மழை நீர் நிரம்பாமல் மேலே சிரட்டையை முட்டுக் கொடுத்துக் கவிழ்த்து வையுங்கள். மூன்று நாளைக்கு ஒரு தடவை மாற்றுங்கள். பத்துச் சதுர அடிக்கு ஒன்றாவது வைக்காவிட்டால் பலன் தெரியாது. சாக்குக்கு அடுத்த இடம்தான் இதற்கு.

தேத்தூள் சக்கையைப் போடலாமா என்று கேட்கிறார்கள். ஹவாயில் கோப்பியிலுள்ள கஃபீனை நீரில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு கலந்து தெளித்தபோது நத்தைகள் செத்தன என்று 2002 இல் செய்தி வந்தது. குடித்து முடித்த சக்கையில் அந்த அளவு இல்லை. அது உரத்துக்கு நல்லது, அவ்வளவுதான். தேயிலை விதை வேறு. அதிலுள்ள நுரைக்கும் பொருள் நத்தையைக் கொல்லும். ஆசிய நாடுகளில் வயல் நத்தைக்கு விதைப் பிண்ணாக்கைப் போடுகிறார்கள். ஆனால் அது மீனையும் கொல்லும், மண்புழுவையும் வாட்டும். நம் கான் தண்ணீர் எல்லாம் ஓடையில் சேர்கிறது; அந்த ஓடையிலிருந்து கீழ்லயத்தார் தண்ணீர் எடுக்கிறார்கள். ஆகவே விதையை இடித்து ஊற்றுவதை நான் ஆதரிக்கவில்லை.

குளிசை மருந்து

கடைகளில் விற்கும் நத்தைக் குளிசையில் பெரும்பாலும் இருப்பது மெட்டல்டிஹைட் என்ற நஞ்சு. நத்தையை இழுக்கத் தவிட்டோடு சேர்த்துச் செய்வார்கள். அந்த மணத்துக்கு நாயும் வரும், தின்று வலிப்பெடுத்துச் சாகும். தவழும் பிள்ளை மிட்டாய் என்று எடுத்து வாயில் போடும். இதற்கென்று தனியான முறிமருந்து இல்லை. பறவைக்கும் முள்ளெலிக்கும் கேடு என்று பிரித்தானியா 2022 இல் வெளியிடங்களில் இதைத் தடை செய்தது. அங்கே பதிலாகப் பயன்படுத்துவது, இரும்புப் பொஸ்பேற் கொண்ட குளிசை.

இரசாயனம் என்றாலே பாவம் என்று சொல்பவன் நானல்ல. 2021 இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்தபோது மலைநாட்டு மரக்கறிக் கமக்காரர் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தவன். பெரும் பரப்பில் பயிர் செய்பவர் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு அளவறிந்து பாவிக்கட்டும். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தும் கேட்கலாம். ஆனால் பிள்ளை விளையாடும் முற்றமும் பாத்தியும் ஒன்றேயான மூன்று பேர்ச் நிலத்தில் இந்தக் குளிசை வேண்டாம் என்பதே என் முடிவு.

தேரை, தரை வண்டு, மின்மினிப் பூச்சியின் புழு, செண்பகம் எல்லாம் நத்தையைத் தின்னும். தாரா வளர்க்க வசதியிருந்தால் அதைப் போல வேட்டைக்காரன் இல்லை. ஆனால் நாற்றையும் தின்னும். செடி தேறிய பின், மாலையில் ஒரு மணித்தியாலம் விட்டு அடைத்துவிடுங்கள்.

கீரையைக் கழுவுங்கள்

இதை அவசரமாகப் படித்துவிட்டுப் போக வேண்டாம். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு உண்டு. எலியின் கழிவைத் தின்னும் நத்தையின் உடம்புக்குள் அதன் குஞ்சுகள் போய்ச் சேரும். அந்த நத்தையை, அல்லது அதன் துண்டை, பச்சைக் கீரையோடு தெரியாமல் விழுங்கும் மனிதரின் மூளை உறையில் புழு போய்த் தங்கும். கடுந்தலையிடி, கழுத்து விறைப்பு, வாந்தி, உடம்பில் ஊசி குத்துவது போன்ற எரிவு வரும். மனிதரில் இந்த நோய் 1945 இல் தாய்வானில் முதலில் பதிவானது. இலங்கையிலும் வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஓர் இளைஞர் 2010 இல் நண்பர்களோடு விளையாட்டாக நத்தையை விழுங்கினார். எட்டு ஆண்டு படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் கிடந்து 2018 இல் இறந்தார்.

இது அரிய நோய். பயந்து கீரையை விட்டுவிட வேண்டாம். ஆனால் லயத்திலும் புதிய வீட்டிலும் எலிக்குப் பஞ்சமில்லை. பாத்தியில் நத்தைக்கும் பஞ்சமில்லை. வல்லாரைச் சம்பலுக்கும் சலாதுக்கும் எடுக்கும் இலையை ஒவ்வொன்றாகப் பிரித்து, பீலியில் ஓடும் தண்ணீரில் இரண்டு பக்கமும் கழுவுங்கள். கோவாவின் வெளி இலைகளை நீக்குங்கள். உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டால் போதும் என்று நம்ப வேண்டாம். நன்றாக வேக வைத்தால் புழு சாகும். சின்னப் பிள்ளைகளுக்குச் சமைத்த கீரையே நல்லது. நத்தை பிடித்த கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போட வேண்டும். இரவில் நத்தை அதற்குள்ளும் விழும்.

கூட்டத்தில் பேச

உங்கள் குடியிருப்பில் மாதர் சங்கமோ வீட்டுத் தோட்டக் குழுவோ அடுத்த தடவை கூடும்போது இவற்றைப் பேசிப் பாருங்கள். வெள்ளிக் கோடு யார் யார் பாத்தியில் தெரிகிறது? நம் வளவுகளில் நத்தை பகலில் ஒளியும் இடங்கள் எவை, அவற்றில் யாருக்கும் சொந்தமில்லாத இடம் எது, அதை யார் துப்பரவு செய்வது? ஒரே வாரத்தில் இரவு வேட்டைக்கு இறங்க எத்தனை வீட்டார் தயார்? டோர்ச் இல்லாத வீடுகள் எவை? முதல் வேட்டையின் திகதியைச் சங்கக் கொப்பியில் எழுதி, அதிலிருந்து முப்பதாம் நாளையும் இப்போதே எழுதி வையுங்கள்.